ஒயின் சந்தா: தள்ளுபடியின் உண்மை விலை என்ன?

பிரிட்டனில் ஞாயிறு நாளிதழைப் பிரித்தால் உள்ளிருந்து ஒரு வண்ணத் துண்டறிக்கை விழுவது வழக்கம். 12 புட்டி ஒயின், வழக்கமான விலையில் பாதிக்கும் குறைவாக, வீட்டு வாசலுக்கே வந்து சேரும் என்று அது சொல்லும். பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற உறுதிமொழிகளும் இருக்கும். அமெரிக்காவில் இதே அழைப்பு கைபேசித் திரையில் வருகிறது. இரண்டிலும் சிறிய எழுத்தில் இன்னொரு வாக்கியம் உண்டு: முதல் பெட்டிக்குப் பிறகு, குறிப்பிட்ட இடைவெளியில் அடுத்தடுத்த பெட்டிகள் தாமாகவே அனுப்பப்படும்; அவற்றுக்கான தொகை வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும்.

இத்தகைய சந்தாவில் சேர்வது லாபமா, நஷ்டமா என்பது ஒயின் அருந்துவோருக்கு மட்டுமான கேள்வி எனத் தோன்றலாம். மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே தன் கையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் அப்படியொரு சந்தாவுக்கே இடமில்லை. ஆனால், திரைப்படச் செயலிகள் முதல் இணையவழிப் பயிற்சி வகுப்புகள் வரை இன்று நம் வங்கிக் கணக்குகளிலிருந்து மாதந்தோறும் பணம் எடுக்கும் ஒப்பந்தங்கள் எல்லாம் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒயின் சந்தாவில் அந்த ஒப்பந்தத்தின் உள்ளமைப்பு மற்றவற்றைக் காட்டிலும் தெளிவாகத் தெரிகிறது. அதன் கணக்கைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு, வேறு எந்தச் சந்தாவையும் எடைபோடும் அளவுகோல் கிடைத்துவிடும்.

இரண்டு தொடக்கங்கள்

அஞ்சல்வழி ஒயின் விற்பனை இணையத்துக்கு வெகுகாலம் முந்தையது. லண்டனில் 1874இல் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சி ஒன்றுக்காகப் போர்ச்சுகலிலிருந்து வந்த ஒயின் பீப்பாய்கள், ராயல் ஆல்பர்ட் அரங்கின் நிலவறைகளில் விற்கப்படாமல் தங்கிவிட்டன. அவற்றை விற்பதற்காக நடத்தப்பட்ட விருந்துகளிலிருந்தே அதே ஆண்டில் ‘ஒயின் சொசைட்டி’ என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கி, சேர்ந்து ஒயின் கொள்முதல் செய்து, தங்களுக்குள் நியாயமான விலையில் பகிர்ந்துகொள்வது என்பதே ஏற்பாடு. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

இரண்டாவது தொடக்கம் வணிகம் சார்ந்தது. டோனி லெய்த்வெயிட் என்ற இளைஞர் 1969இல் பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து ஒரு வேனில் ஒயின் ஏற்றி வந்து இங்கிலாந்தில் நேரடியாக விற்கத் தொடங்கினார். 1973இல் ‘சண்டே டைம்ஸ்’ நாளிதழின் பெயரில் ஓர் ஒயின் கிளப்பை அவர் தொடங்கினார். புகழ்பெற்ற ஒயின் எழுத்தாளர் ஹியூ ஜான்சன் அதன் தலைவராக இருந்தார். நாளிதழின் நம்பகத்தன்மை, ஒரு நிபுணரின் பெயர், வியாபாரியின் கிடங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த மாதிரி பெரும் வெற்றி பெற்றது. பிற்காலத்தில் அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பெயரில் வந்த ஒயின் கிளப்பையும் இதே குழுமம்தான் நடத்தியது. நாளிதழின் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள், பெட்டியை நிரப்புவது அந்த நாளிதழின் ஆசிரியர் குழு அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வணிகம் பரவத் தாமதமானதற்குச் சட்டம் காரணம். மதுவிலக்கை நீக்கிய 1933ஆம் ஆண்டின் 21ஆவது அரசமைப்புத் திருத்தம், மது விற்பனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. பல மாநிலங்கள் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்ற மூன்றடுக்கு முறையைக் கட்டாயமாக்கின. தம் மாநில ஒயின் ஆலைகள் வீடுகளுக்கு நேரடியாக அனுப்ப அனுமதித்துவிட்டு, வெளிமாநில ஆலைகளைத் தடுப்பது செல்லாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்த பிறகே கதவு அகலத் திறந்தது. கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களுக்குச் சுற்றுலா செல்பவர்கள் அங்கேயே கிளப்பில் சேர்ந்து, வீடு திரும்பிய பின் ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறை பெட்டி பெறுவது வழக்கமானது. பிறகு, எந்தத் தோட்டத்துடனும் தொடர்பில்லாத இணைய நிறுவனங்கள் வந்தன.

ஒரு புட்டியின் கணக்கு

சந்தாவின் மதிப்பை அறிய, முதலில் ஒரு புட்டி ஒயினின் விலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் இது எளிது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, 12.5 சதவீத ஆல்கஹால் கொண்ட 750 மில்லிலிட்டர் ஒயின் புட்டிக்குக் கலால் வரி சுமார் 2 பவுண்டு 77 பென்ஸ். ஒயின் மலிவானதா, உயர்ந்ததா என்று இந்த வரி பார்ப்பதில்லை. ஆல்கஹாலின் அளவை மட்டுமே பார்க்கிறது. அதையும் சேர்த்த தொகையின் மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது.

இப்போது இரண்டு புட்டிகளை ஒப்பிடலாம். ஒன்றின் விலை 5 பவுண்டு. அதில் மதிப்புக் கூட்டு வரி 83 பென்ஸ், கலால் வரி 2.77 பவுண்டு போக எஞ்சுவது 1.40 பவுண்டு. கண்ணாடிப் புட்டி, மூடி, கப்பல் கட்டணம், கிடங்கு, வீடுவரை கொண்டுவரும் செலவு, விளம்பரம், வியாபாரியின் லாபம் ஆகிய அனைத்தும் இந்த 1.40 பவுண்டுக்குள் அடங்கியாக வேண்டும். உள்ளே இருக்கும் திராட்சைக்கு என்ன மிஞ்சும் என்று யூகித்துக்கொள்ளலாம். இன்னொரு புட்டியின் விலை 10 பவுண்டு. இரு வரிகளும் போக எஞ்சுவது 5.56 பவுண்டு. விலை இரண்டு மடங்காகும்போது வரி போக எஞ்சும் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, சந்தாவுக்கு ஆதரவானது. மிக மலிவான ஒயினை வாங்குகிறவர் பெரும்பாலும் வரியைத்தான் வாங்குகிறார். சற்றே கூடுதல் விலையில், நன்கு தேர்ந்தெடுக்கப்பட்ட ஒயினை ஒரு சந்தா அவருக்கு அறிமுகப்படுத்தினால், கொடுக்கும் பணத்துக்கு அவர் பெறுவது உண்மையாகவே கூடுகிறது.

இரண்டாவது, எச்சரிக்கை. புட்டிக்கு 5 பவுண்டு என்று கணக்கிட்டு 12 புட்டிகளை 60 பவுண்டுக்கு வீடு தேடி அனுப்பும் முதல் பெட்டியில் விற்பனையாளருக்கு லாபம் இருக்க வழியில்லை. உள்ளிருப்பது நல்ல ஒயின் என்றால் அது நிச்சயம் நஷ்ட விற்பனை. வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக விற்பனையாளர் தெரிந்தே செலவிடும் தொகை அது. அந்தத் தொகை இரண்டாம், மூன்றாம், நான்காம் பெட்டிகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட வேண்டும். ஆகவே, சந்தாவின் தரத்தை முதல் பெட்டியை வைத்து மதிப்பிடுவது, மணவிருந்தை வைத்து மறுவீட்டின் அன்றாடச் சமையலை மதிப்பிடுவது போன்றது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இரண்டாவது பெட்டியை அதன் முழு விலை கொடுத்து, ஒரு கடையில் கண்ணால் பார்த்திருந்தால் வாங்கியிருப்போமா?

எந்த விலையிலிருந்து தள்ளுபடி?

‘140 பவுண்டு மதிப்புள்ள ஒயின் 60 பவுண்டுக்கு’ என்று ஒரு விளம்பரம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த 140 பவுண்டை நிர்ணயித்தது யார்? ஒயின் கிளப்புகள் விற்பவற்றில் கணிசமானவை அவர்களுக்கென்றே பெயரிடப்பட்டு, அவர்களிடம் மட்டுமே கிடைப்பவை. வேறு கடையில் அதே புட்டி இல்லாதபோது அதன் ‘வழக்கமான விலை’ விற்பனையாளர் தாமே எழுதிக்கொண்ட எண்ணாகிவிடுகிறது. தனிப்பெயரில் விற்பது தவறன்று. இடைத்தரகர்களைத் தவிர்ப்பதால் விலை குறையவும் கூடும். ஆனால், ஒப்பிடும் வாய்ப்பு வாங்குபவரின் கையைவிட்டுப் போகிறது என்பது மறுக்க முடியாதது.

விலை எண்ணுக்கு நம் நாவின் மீதே ஆதிக்கம் உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொல்லப்பட்டபோது அது கூடுதல் சுவையாக இருந்ததாகப் பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள். இன்பத்தை உணர்வதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் அப்போது கூடியிருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு ஆய்வு, விலையை மறைத்து நடத்தப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட சுவைத்தல்களை ஆராய்ந்தது. தனிப் பயிற்சி இல்லாத சாதாரண மக்கள், விலை தெரியாதபோது விலையுயர்ந்த ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள் என்பது அதன் முடிவு.

புட்டியின் மேல் ஒட்டப்படும் தங்கப் பதக்கங்களையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை அவர்கள் அறியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே பதக்க வரிசையில் மதிப்பெண் அளித்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான்.

இவற்றிலிருந்து ‘எல்லா ஒயினும் ஒன்றே’ என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. திராட்சையின் வகை, நிலம், விளைந்த ஆண்டு, செய்முறை ஆகியவை தரும் வேறுபாடுகள் உண்மையானவை. எந்த ஒயின் தனக்குப் பிடிக்கும் என்பதை விலைப்பட்டியலும் பதக்கமும் சொல்லிவிட முடியாது என்பதே இந்த ஆய்வுகளின் சாரம். அதை அறிய எளிய வழி இருக்கிறது. சந்தாவில் வந்த ஒரு புட்டியையும், அதே விலையில் அதே வகைத் திராட்சையில் கடையில் வாங்கிய ஒரு புட்டியையும் காகிதத்தில் சுற்றி, எது எதுவென்று தெரியாமல் நண்பர்களோடு சுவைத்துப் பார்க்கலாம். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தும் சந்தாப் புட்டி முந்தவில்லை என்றால், அந்தச் சந்தா வீடு தேடி வரும் வசதியை மட்டுமே விற்கிறது என்று பொருள்.

மௌனம் என்னும் சம்மதம்

சந்தா வணிகத்தின் இதயம் தள்ளுபடியில் இல்லை. வாடிக்கையாளரின் மௌனத்தில் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லாதவரை ‘வேண்டும்’ என்றே கொள்ளும் இந்த ஏற்பாடு புதியதன்று. அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய ‘மாதம் ஒரு புத்தகம்’ கிளப் இம்முறையைப் பரப்பியது. இசைத்தட்டு கிளப்புகள் அதைத் தொடர்ந்தன. இதை நெறிப்படுத்த அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1973இலேயே விதி வகுக்க வேண்டியிருந்தது.

மௌனத்தின் விலையை அளந்த ஆய்வு ஒன்று பொருளியலாளர்களிடையே புகழ்பெற்றது. ஸ்டெஃபானோ டெல்லாவிஞ்ஞா, உல்ரிக்கே மால்மெண்டியர் ஆகிய இருவர் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் ஒவ்வொரு வருகைக்கும் சராசரியாக 17 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தார்கள். சந்தா இல்லாமல் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். கடைசியாகக் கூடத்துக்குச் சென்ற நாளுக்கும், சந்தாவை நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கடந்திருந்தன. வருங்காலத்தில் நாம் எவ்வளவு ஊக்கத்தோடு இருப்போம் என்பதை மிகையாகவும், ஒரு கடிதம் எழுதி விலகுவதை எவ்வளவு காலம் தள்ளிப்போடுவோம் என்பதைக் குறைவாகவும் மதிப்பிடுவது மனித இயல்பு. அந்த இயல்பே சந்தா நிறுவனங்களின் வருமானம்.

ஒயின் சந்தாவில் இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. போகாத உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டிய பணம் காற்றில் கரைகிறது. நிறுத்த மறந்த ஒயின் பெட்டியோ வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதைச் சீரான குளிர்ச்சியில், வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். 12 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலை நீண்டகாலச் சேமிப்புக்கு ஏற்றது. பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் அப்படியோர் இடம் கிடையாது. சந்தாவில் வரும் ஒயின்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கத் தக்கவையும் அல்ல. எனவே, பெட்டிகள் குவியும்போது அவற்றைக் காலிசெய்யும் ஒரே வழியாகக் குடிப்பது மாறிவிடுகிறது.

எவ்வளவு குடிக்கிறோம்?

மது விஷயத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு லாப நஷ்டக் கணக்கு எழுதுவது நேர்மையாகாது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க மது அளவு எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது. குடிப்பவர்கள் ஆபத்தைக் குறைத்துக்கொள்ள, வாரத்துக்கு 14 அலகுகளைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டன் அரசு 2016இல் ஆண், பெண் இருவருக்கும் வழங்கிய வழிகாட்டுதல். ஓர் அலகு என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். 12.5 சதவீத ஒயின் புட்டி ஒன்றில் 9.4 அலகுகள் இருக்கின்றன. ஒருவருக்கு வாரத்துக்கு ஒன்றரைப் புட்டி என்பதே அந்த வழிகாட்டுதலின் மேல்வரம்பு.

இதைச் சந்தாவோடு பொருத்திப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு 12 புட்டிகள் வந்தால், தனியாக வாழும் ஒருவருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 9 அலகுகள். அதுவே மாதந்தோறும் 12 புட்டிகள் என்றால் வாரத்துக்கு 26 அலகுகள். வரம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கணவன், மனைவி இருவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்கு 13 அலகுகள், அதாவது வரம்பின் விளிம்பு. கடைக்குப் போய் ஒவ்வொரு புட்டியாக வாங்கும்போது, வாங்கலாமா வேண்டாமா என்ற சிறு தயக்கம் ஒவ்வொரு முறையும் குறுக்கிடுகிறது. சந்தா அந்தத் தயக்கத்தை நீக்கிவிடுகிறது. புத்தகத்துக்கும் பாலுக்கும் அது வசதி. பழக்கத்துக்கு அடிமைப்படுத்தக்கூடிய ஒரு பொருளுக்கு அந்தத் தயக்கமே பாதுகாப்பு. குடியின் அளவைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கும், வீட்டில் குடிநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவர் இருப்பவருக்கும் எந்தத் தள்ளுபடியிலும் இந்தச் சந்தா லாபமாகாது.

கடை யாருடையது?

எல்லாச் சந்தாக்களும் ஒரே தன்மையானவை அல்ல. முன்பு குறிப்பிட்ட ஒயின் சொசைட்டியில் 40 பவுண்டு செலுத்தினால் ஆயுள் முழுவதற்கும் உறுப்பினராகலாம். உபரிவருவாய் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் பிரிக்கப்படுவதில்லை. பெட்டி தானாக வரும் திட்டம் அங்கும் உண்டு. ஆனால், அது விரும்புவோருக்கு மட்டுமே. உறுப்பினர் ஆண்டு முழுவதும் ஒரு புட்டிகூட வாங்காமல் இருக்கலாம். வாடிக்கையாளரே உரிமையாளராக இருக்கும் இடத்தில் அவருடைய மறதியால் லாபமடைய வேறு யாரும் இல்லை.

2008இல் தொடங்கிய ‘நேக்கட் ஒயின்ஸ்’ வேறொரு வழியைக் கண்டது. வாடிக்கையாளர்கள் மாதந்தோறும் ஒரு தொகையைத் தங்கள் கணக்கில் போட்டுவைக்கிறார்கள். அந்த முன்பணத்தின் பலத்தில் நிறுவனம் சிறு ஒயின் தயாரிப்பாளர்களுக்கு நிதியளிக்கிறது. வாடிக்கையாளர்கள் விரும்பும்போது தாமே தேர்ந்து வாங்குகிறார்கள். கிடைக்கும் ஒயினை வாங்குபவரே தேர்ந்தெடுக்க முடிவது இதன் நற்கூறு. முன்பணம் நிறுவனத்தின் கையில் இருப்பது கவனிக்க வேண்டிய கூறு.

மூன்றாவது வகை, சில கேள்விகளுக்கு விடையளித்தால் உங்கள் சுவைக்கேற்ப ஒயினைத் தேர்ந்து அனுப்புவோம் என்ற இணைய நிறுவனங்கள். இவற்றில் முன்னோடியான அமெரிக்காவின் ‘விங்க்’ 2012இல் தொடங்கியது. 2021 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, அவர் நீடிக்கும் காலத்தில் கிடைக்கும் லாபத்தை விஞ்சினால் எந்தச் சந்தா நிறுவனமும் தாக்குப்பிடிக்க முடியாது. அப்படி ஒரு நிறுவனம் வீழும்போது, முன்பணம் கட்டியவர்கள் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டிவரும். எனவே, முன்பணத்தை ஒரு பெட்டியின் விலைக்கு மேல் சேரவிடாமல் இருப்பது நல்லது.

விலகும் வாசல்

சேர்வதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் அரை மணிநேரக் காத்திருப்பும் என்ற ஏற்றத்தாழ்வைச் சட்டங்கள் மெதுவாகக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே விலக வழி இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2018 முதல் கட்டாயமாக்கியது. சேர்வதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்குமாக 2024இல் கூட்டாட்சி வணிக ஆணையம் கொண்டுவந்த விதியை, நடைமுறைக் குறையைக் காரணம் காட்டி 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் அதே ஆண்டு செப்டம்பரில், ஏற்கெனவே இருந்த சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கில், பிரைம் சந்தா தொடர்பாக அமேசான் நிறுவனம் 250 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. பிரிட்டனில் தொலைவழி விற்பனையில் வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. சந்தா ஒப்பந்தங்களை நெறிப்படுத்தும் தனிப்பகுதி 2024இல் இயற்றப்பட்ட நுகர்வோர் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

இந்தியாவும் இதில் பின்தங்கிவிடவில்லை. தானியங்கிப் பணப் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணிநேரம் முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. அவற்றில் ஒன்று ‘சந்தாப் பொறி’. நமக்கு வரும் 24 மணிநேர முன்தகவலைப் படிக்காமல் கடந்துபோவது, சட்டம் மீட்டுத் தந்த அந்தச் சிறு தயக்கத்தை நாமே கைவிடுவதாகும்.

முடிவெடுக்கும் முறை

ஆக, ஒயின் சந்தா யாருக்குத் தகும்? வழிகாட்டு அளவுக்குள் சீராக அருந்தும் பழக்கம் உள்ளவர். நல்ல கடை அருகில் இல்லாதவர். புதிய வகைகளை அறிந்துகொள்ளும் ஆர்வம் உடையவர். பெட்டியை வைக்க ஏற்ற இடமும், வந்தவற்றைக் குறித்துவைக்கும் பொறுமையும் உள்ளவர். இவர்களுக்கு அது பயனுள்ள ஏற்பாடாக அமையலாம். எப்போதாவது ஒரு புட்டி திறப்பவருக்கும், தனக்குப் பிடித்த இரண்டு மூன்று வகைகளைத் தவிர வேறெதையும் விரும்பாதவருக்கும் அது வீண் செலவு. அவர்கள் தேவைப்படும்போது நல்ல வியாபாரியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ ஒரு பெட்டி வாங்கிக்கொள்வதே போதுமானது.

சேர விரும்புகிறவர்கள், முதல் பெட்டி வந்த அன்றே, அடுத்த பிடித்தத்துக்கு ஒரு வாரம் முந்தைய தேதியை நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். அந்த நாளில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்த 12 புட்டிகளில் எத்தனையை முழு விலை கொடுத்து மீண்டும் வாங்குவேன்? முந்தைய மூன்று மாதங்களைவிட இப்போது கூடுதலாகக் குடிக்கிறேனா? இன்று புதிதாகச் சேரும்படி அழைத்தால், தள்ளுபடி இல்லாமல் சேர்வேனா? முதல் கேள்விக்குப் பாதிக்கும் குறைவு என்றோ, இரண்டாவதற்கு ஆம் என்றோ, மூன்றாவதற்கு இல்லை என்றோ விடை வந்தால் அன்றே விலகிவிடுவது நல்லது.

ஒயினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரைப்படச் செயலியையோ பயிற்சி வகுப்பையோ வைத்துப் பார்த்தாலும் முதல் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் அப்படியே பொருந்தும். இந்த மாதத்து வங்கிக் கணக்கு அறிக்கையில் தானாகப் போன தொகைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விடையைக் குறிப்பதற்கு அரை மணிநேரம் போதும்.